சுவருக்கு அந்தப் பக்கம்

வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், கூரையில் ஈரம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். குட்டி சுவரைத் தட்டிப் பார்த்தாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நேரே சமையலறைக்குப் போவாள். பக்கத்து வீட்டோடு ஒட்டின சுவர் எது என்று கேட்பாள். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள். வீட்டுத் தரகர் பாவம், நல்ல மனுஷன். இந்தப் பொண்ணுக்குக் கட்டட வேலை தெரியும்போல என்று நினைத்துக்கொண்டு, சுவர் ரொம்பக் கெட்டி, யானை முட்டினாலும் அசையாது என்று பெருமையடித்தார். குட்டியின் முகம் தொங்கிப்போனது. கெட்டிச் சுவரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

குட்டி என்பது அக்கா கூப்பிடுகிற பெயர். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அவள் அக்காவுக்குக் குட்டிதான். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் இருந்தது ஒட்டு வீட்டில். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் குட்டியின் அடுப்பு, அந்தப் பக்கம் அக்காவின் அடுப்பு. கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினால் 'இருக்கியா?' இரண்டு தட்டினால் 'வா'. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் இரண்டு தட்டு, பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனாலும் இரண்டு தட்டு, புருஷனோடு சண்டை என்றாலும் அதே இரண்டு தட்டுதான். எதற்கென்று கேட்காமல் அக்கா ஈரக் கையோடு வந்து நிற்பாள். சின்னவனைப் பெற வலி எடுத்தபோது கரண்டியைத் தேடப் பொறுமையில்லாமல் குட்டி கையாலேயே சுவரை அடித்தாள். புருஷன் செருப்பு மாட்டுவதற்குள் அக்கா வண்டியைக் கூப்பிட்டுவிட்டாள்.

அந்தப் புருஷன் பார்க்கிற வேலை இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. சத்தத்தை அடக்குகிற வேலை. பாட்டுப் பதிவு செய்கிற அறை, காது பரிசோதனை செய்கிற அறை, பெரிய அதிகாரிகள் கூடிப் பேசுகிற அறை, இவற்றுக்கெல்லாம் சுவரில் பஞ்சும் மெத்தையும் வைத்து அடைத்து, உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் செய்வான். வேலைக்கு ஏற்ற மாதிரி ஆளும் அதிகம் பேசமாட்டான். அக்கா அவனுக்கு வைத்த பெயர் மௌனசாமி. ஊரில் இருக்கிற சுவரையெல்லாம் அடைக்கிறவனுக்கு வாய்த்த பெண்டாட்டி, சத்தம் கேட்கிற சுவராகத் தேடி அலைந்தாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

அவனுக்குத்தான் இந்தப் புது ஊரில் வேலை கிடைத்தது. பெரிய பட்டறை, அவனுக்குக் கீழே ஆட்கள், நல்ல சம்பளம். வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை, குட்டியிடம் இருந்த ஒரே காரணத்தைத் தவிர. அதை எந்த வாயால் சொல்வாள்? அவன் முதலில் வந்து வேலையில் சேர்ந்து ஒரு சின்ன அறையில் தங்கியிருந்தான். எந்தப் பகுதியில் குடியேறுவது என்று பார்த்து முடிவு பண்ண, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குட்டி வந்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக அலைய முடியாது என்று அக்காவும் கூட வந்தாள்.

கூட வந்தாள் என்பதைக் குட்டி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள், நீயும் இந்த ஊருக்கே வந்துடேன் அக்கா என்று கேட்டிருந்தாள். அக்கா துணியை மடித்துக்கொண்டே, பாக்கலாம்டி என்றாள். அக்கா வாயிலிருந்து 'பாக்கலாம்' வந்தால் அது நடக்காத காரியம் என்று குட்டிக்குத் தெரியாதா என்ன? அக்காவின் மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார், அத்தானுக்கு அங்கே நிரந்தர வேலை, அக்காவுக்கே அங்கே கடை இருக்கிறது. எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு சொல்லை முடிந்து வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினாள். ஆசை வந்துவிட்டால் புத்தி எங்கே வேலை செய்கிறது?

அக்காவின் கடை திரைச்சீலை தைக்கிற கடை. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். தூங்கும்போதாவது கழற்றுவாளா என்று அத்தான் சந்தேகமாகக் கேட்பார். அளவு விஷயத்தில் அக்கா ராட்சசி. யாராவது திரை நீளம் குறைகிறது என்று கடைக்கு வந்தால் நாடாவோடு அவர்கள் வீட்டுக்கே போய்விடுவாள். "என் அளவு தப்பாது, உங்க ஜன்னல்தான் கோணல்" என்று ஒரு வீட்டுக்காரரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அவர் ஜன்னல் கோணலாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

முதலில் பார்த்தது ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்த பகுதி. பழைய அடுக்குமாடிகள். தெரு முனையில் பள்ளிக்கூடம், அதற்கு எதிரே மருந்துக்கடை. மாடிப்படியில் யாரோ துடைத்துவிட்டுப் போன ஈரம். பட்டறை நடந்து போகிற தூரம்தான், மௌனசாமி மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மூத்த பெண் பெரியவள் ஒரு வாயாடி, அவளைப் பள்ளிக்கூடத்தில் தானே கொண்டுபோய் விடப்போவதாக அவளிடமே சொல்லியும் வைத்திருந்தான். குட்டி சமையலறைச் சுவரைத் தட்டினாள். ரயில் சத்தம் வராமல் இருக்கக் கல்லை வைத்து நிரப்பிக் கட்டின சுவர். பாறையைத் தட்டின மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் ஆள் செத்துக் கிடந்தாலும் தெரியாது என்று அவள் முணுமுணுக்க, தரகர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அக்கா அதற்குள் நாடாவை உருவி ஜன்னல் ஜன்னலாக அளந்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வீடு பெரிய கேட், கேட்டுக்குப் பின்னால் ஒரு நாய், தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. சின்னவன் நாய்க்குப் பயந்து வீறிட்டு அழ ஆரம்பித்தான். அக்கா நாடாவைத் தொடக்கூட இல்லை. இங்கே மனுஷங்க இருக்காங்களா, இல்லை நாய்களுக்குத்தான் வீடு கட்டிக் குடுத்திருக்காங்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மூன்றாவது பகுதி ஊரின் கடைசியில் இருந்தது. பஸ் அதற்கு மேல் போகாது, அங்கே வந்து சுற்றித் திரும்பும். வேலியோரம் புல், அரைகுறையாகப் போட்ட சாலை, ஜோடி ஜோடியாக ஒட்டு வீடுகள். தரகர் காட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீடும் காலியாக இருந்தது. குட்டி சமையலறைச் சுவரைத் தட்டினாள். டொக் டொக் என்று, அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரிச் சத்தம் வந்தது. ஒற்றைச் செங்கல் சுவர்! தரகர் சங்கடப்பட்டு, வேண்டுமானால் பலகை அடித்துக்கொள்ளலாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்றாள் குட்டி.

அக்கா பக்கத்து வீட்டையும் பார்க்க வேண்டும் என்று சாவி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலை முன்பு குடியிருந்தவர்கள் இடித்து அகலமாக்கி இருந்தார்கள். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, உயரம் குறைவாக, பெஞ்சைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு ஜன்னல். வெளிச்சம் கொட்டுதுடி என்று அக்கா அங்கிருந்தே சொன்னது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. குட்டி வாசல் வழியாக எட்டிப் பார்த்தபோது அக்கா அந்த ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள். ஒருமுறை அளந்து, நம்பாமல் மறுபடி அளந்தாள். குடி வராதவள் எதற்கு அளக்க வேண்டும்?

குட்டி ஓடிப்போய்த் தன் பக்கச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு திரும்பி வந்தது. அவ்வளவுதான், குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. இதே வீடுதான் வேண்டும், சாயங்காலம் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன் என்று தரகரிடம் சொல்லிவிட்டாள்.

மௌனசாமி சாலையைப் பார்த்தான். இங்கிருந்து பட்டறைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் கிளம்பி, அவர்கள் தூங்கினபிறகுதான் திரும்ப முடியும். அதையெல்லாம் அவன் சொல்லவில்லை. உனக்குப் பிடிச்சா சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, பெரியவளைத் தோளில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். குட்டி அதைக் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தாள்.

பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு சிமெண்டுத் திட்டு. அக்கா சின்னவனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். மௌனசாமி பெரியவளுக்குத் தண்ணீர் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். அந்தச் சந்தர்ப்பத்துக்குத்தான் அக்கா காத்திருந்திருக்கிறாள்.

"குட்டி, அந்த ரயில் பக்கத்து வீட்டையே எடு."

"உனக்கு அந்தப் பெரிய ஜன்னல் பிடிச்சிருக்கே."

"நான் எங்கடி வரப்போறேன்."

குட்டி அக்காவின் உள்ளங்கையில் எழுதியிருந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் அவை கலங்கியிருந்தன. அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரிக் கோபத்தோடு கேட்டாள்.

"அப்ப எதுக்கு ஜன்னல் ஜன்னலா அளந்த?"

"உனக்குத் திரை தைக்க வேண்டாமா? அது மட்டும் இல்ல. இனிமே நீ போன்லதான் பேசுவ. பேசுறப்ப நீ எந்த ஜன்னல்கிட்ட நிக்கிற, வெளிச்சம் எந்தப் பக்கம் வருதுன்னு எனக்குத் தெரியணும். அது தெரியலன்னா உன்னை எங்க வச்சு நினைச்சுக்கிறது?"

குட்டி விடவில்லை. அப்படியென்றால் சுவரை ஏன் திரும்பத் தட்டினாய் என்று கேட்டாள்.

"நீ தட்டினா என் கை சும்மா இருக்குமா?"

அந்தப் பக்கத்து வீட்டு ஜன்னலை ஏன் அளந்தாய் என்றும் கேட்டாள். அது சும்மா, கை போன போக்கில் அளந்தது என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் வருகிற வழியைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்ததா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாளா என்று தெரியவில்லை. பிறகு, உன் புருஷன் ஊர்ச் சத்தத்தையெல்லாம் அடக்குறான், தன் பிள்ளைங்க சத்தத்தையாவது அவன் கேட்க வேண்டாமா என்று மெதுவாகச் சொன்னாள். குட்டி அப்போதுதான் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெரியவள் தோளில் உட்கார்ந்து அவன் காதைப் பிடித்து இழுத்து ஓயாமல் எதையோ சொல்ல, அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தான். குட்டிக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

ரயில் பக்கத்து வீட்டுக்கே குடி வந்தார்கள். வந்த புதிதில் குட்டி அடுப்படியில் நின்று அழுதாள், மறைக்காமலேயே அழுதாள். கரண்டி கையில் இருக்கும்போது கை தானாகச் சுவர்ப் பக்கம் போகும். அந்தச் சுவர் சத்தத்தை அப்படியே விழுங்கிவிடும். மத்தியானம் மௌனசாமி சாப்பிட வந்து, அவள் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் சின்னவனை வாங்கிக்கொள்வான். அவனுக்கும் அக்கா இல்லாத குறை தெரிந்துதான் இருந்தது. தன்னை மௌனசாமி என்று கூப்பிட இங்கே ஆளில்லை என்று ஒருநாள் அவனே சொன்னான்.

அப்புறம் அக்காவிடமிருந்து ஒரு பெரிய பொட்டலம் வந்தது. உள்ளே திரைச்சீலைகள். மௌனசாமி ஏணி போட்டு ஒவ்வொன்றாக மாட்டினான். கூடத்துக்கு நீலம், படுக்கையறைக்குப் பச்சை, சமையலறைக்குச் சின்னதாக வெள்ளை. ஒரு விரல் கூடக் குறைச்சல் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. எல்லா ஜன்னலும் மாட்டி முடிந்த பிறகு பொட்டலத்தில் ஒன்று மிச்சம் இருந்தது.

மஞ்சள் துணி. அக்கா தன் கடைக்கு வருகிற யாருக்கும் வெட்டிக் கொடுக்காமல், தன் வீட்டுக்கு என்று எடுத்து வைத்திருந்த துணி. விரித்தால் அகலம் கை இரண்டையும் நீட்டினாலும் பிடிபடவில்லை, உயரமோ முழங்கால் வரைதான். பெரியவள் அதை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு ஓடினாள். மௌனசாமி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். இது எந்த ஜன்னலுக்கும் ஆகாதே, அக்கா எப்படித் தப்பாக அளந்தார் என்று தலையைச் சொறிந்தான். குட்டிக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. பெஞ்சைப் படுக்கப் போட்ட மாதிரி ஜன்னல், வெளிச்சம் கொட்டுகிற ஜன்னல். அதே அளவு.

குட்டி போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"நீ இப்ப சின்ன ஜன்னல்கிட்டதான நிக்கிற?" என்றாள் அக்கா, எடுத்த எடுப்பில்.

ஆமாம் என்றாள் குட்டி. எல்லாம் அச்சாகப் பொருந்திவிட்டது, கூடத்து நீலம் அவ்வளவு அழகு என்று சொன்னாள். பிறகு குரலை இறக்கி, "அக்கா, மஞ்சள் ஒண்ணு மிச்சம் இருக்கு" என்றாள்.

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது நின்றது.

"அப்படியா," என்றாள் அக்கா. "அளவு தப்பிடுச்சு போலடி."

கடை திறந்த நாளிலிருந்து யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லாதவள். குட்டி மஞ்சள் துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். தையல் நேர்கோட்டில் ஓடியிருந்தது.

"ஆமாக்கா, தப்பிடுச்சு. திருப்பி அனுப்பல, நானே வச்சுக்கிறேன்" என்றாள்.