மணல் நிறச் சேலை

மழை விட்ட மதியம். கடல் கலங்கிக் கிடந்தது. அந்த மங்கலான வெளிச்சத்தில்தான் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு சேலை. அதற்கு நிறம் என்று ஒன்றுமே இல்லை.

மணல் நிறமாம்.

இலையுதிர் காலமாம். என் மகள் இந்துஜாவின் நிச்சயதார்த்த அழைப்பில் அப்படித்தான் இருந்தது. இலையுதிர் காலக் கடற்கரை உடையில் வரவும், எளிமையாக, இயல்பாக. தேவனாம்பட்டினத்தில் பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். ஐப்பசியில் எங்களுக்குக் கொட்டுவது மழை. சில வருடம் கூரையும் விழும். இலை உதிர்ந்து நான் பார்த்ததில்லை.

சம்பந்தி வசுமதி சென்னையில் துணிக்கடை வைத்திருக்கிறாள். சேலையோடு ஒரு படமும் அனுப்பியிருந்தாள். படத்தில் ஒரு பெண், கடலோரம், தலை விரித்து நிற்கிறாள். கழுத்தில் ஒன்றுமில்லை. காதில் ஒன்றுமில்லை. நெற்றியில் ஒன்றுமில்லை. எதையோ பறிகொடுத்தவள் மாதிரி தூரத்தைப் பார்க்கிறாள். அதுதான் அழகாம்.

உடுத்தாத மாதிரி உடுத்த வேண்டுமாம். தலையை வாராத மாதிரி வார வேண்டுமாம். அதற்கு ஒரு ஆளை வைத்து மூன்று மணி நேரம் மெனக்கெடுவார்களாம். விடியற்காலையில் மீன் கூடையோடு பஸ்ஸுக்கு ஓடும்போது நான் அப்படித்தான் இருக்கிறேன். யாரும் என்னைப் படம் எடுத்ததில்லை.

கடற்கரை உடை! கடலுக்கு நூறு அடியில் குடியிருக்கிறோம். கடலைப் பார்க்க என்று தனியாக நாங்கள் உடுத்தியதே கிடையாது.

எங்கள் குப்பத்தில் சேலைக்கு நிறம் உண்டு. அரக்கு, கிளிப்பச்சை, மஞ்சள், ராமர் நீலம். எவ்வளவு அடிக்கிற நிறமோ அவ்வளவு நல்லது. புருஷன் கடலில் இருக்கும்போது குளித்த ஈரம் காய்வதற்குள் பொட்டு வைப்போம். பூ இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கிள்ளிக்கொண்டு வருவோம். வெளுத்த சேலையும் வெறும் நெற்றியும் அவிழ்ந்த தலையும் எங்களுக்கு ஒன்றைத்தான் சொல்லும். கடல் கொண்டுபோய்விட்டது என்று சொல்லும்.

என் புருஷன் கலியபெருமாள் அப்போது கடலில் இருந்தார். பன்னிரண்டாம் நாள். வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லிப் போன மனிதர், சனிக்கிழமையும் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் வாசலுக்கும் கரைக்கும் நடப்பது நிற்பதில்லை.

தேதியைத் தள்ளி வைக்கச் சொன்னேன். முடியாதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வெளிச்சம் நன்றாக இருக்குமாம். பெண்ணின் அப்பன் இல்லாவிட்டாலும் வெளிச்சம் இருக்க வேண்டும். என்ன ஜனங்களோ.

பையில் அரக்குப் பட்டுச் சேலையை மடித்து வைத்தேன். கனகாம்பரம் நான்கு முழம் வாங்கி வாழையிலையில் சுற்றினேன். அவர்கள் அனுப்பியதையும் அடியில் திணித்தேன். திணித்தேனே தவிர, கட்டுவதாக இல்லை.

சென்னைக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு பங்களா. சுவரெல்லாம் மணல் நிறம். நாற்காலி மணல் நிறம். வந்திருந்தவர்களும் மணல் நிறம். எதிரே நிஜ மணல் கிடந்தது, அதில் ஒருத்தரும் கால் வைக்கவில்லை. பூவுக்குப் பதிலாக ஜாடி ஜாடியாகக் காய்ந்த புல் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் ஆடு அதை முகர்ந்துகூடப் பார்க்காது.

எனக்கு ஒதுக்கிய அறைக்குள் இந்துஜா வந்தாள். அவளும் அதே நிறம். தலை விரிந்திருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்குத் திக்கென்றது.

"அந்தப் பட்டு வாணாம்மா. பூவும் வாணாம். எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க. நீ மட்டும் தனியாத் தெரிவ."

"ஒங்க அப்பா கடல்ல இருக்காருடி."

"தெரியும்மா. ஒரு சாயங்காலம்தானே. ஊர்ல யாரு பாக்கப் போறாங்க?"

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது.

"இல்லன்னா போட்டோ எடுக்கும்போது நீ உள்ளயே இரும்மா. அவங்க முன்னாடி எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்."

மீன் கூடை சுமந்து படிக்க வைத்த பிள்ளை. என்னைப் பார்த்தால் அவளுக்கு ஒரு மாதிரி ஆகிறதாம். அவள் மேல் வந்த வெறுப்பு எனக்கே பயமாக இருந்தது.

எழுந்து ஊருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் மகள் மோதிரம் மாற்றும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காக நெற்றியைக் காட்டினேன். ஈரக் காகிதத்தால் அவளே என் பொட்டைத் துடைத்தாள். ஆட்டுக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர்களைக் கேவலமாகப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கட்டிக்கொண்டேன். மணல் நிறம்.

வசுமதி ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க உங்களுக்கு! இதத்தான் நான் சொன்னேன்." என் தோளில் சேலையைச் சற்றே கலைத்துவிட்டாள். சரியாக இருந்ததைக் கலைத்துவிட்டு, இப்போதுதான் சரி என்றாள்.

மோதிரம் மாற்றினார்கள். பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளைப் பையன் நிகில் என் காலைத் தொட்டான். நல்ல பையன்தான். வெயில் சாய்ந்து எல்லார் மேலும் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

அப்போது என் போன் அடித்தது. கொழுந்தன் நம்பர். முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு. அழுத்தினேன்.

என் புருஷன் முகம். துறைமுகத்தில் நிற்கிறார். உதடு வெடித்து, கண் உள்ளே போய், பத்து வயது கூடின மாதிரி. ஆனால் அவர்தான்.

"அஞ்சல, எஞ்சின் நின்னு போச்சிடி. ரெண்டு நாளா தண்ணி இழுத்த பக்கம் போனம். இப்பதான் வேற ஒரு போட்டுக்காரங்க கட்டி இழுத்தாந்து..."

பேச்சு நின்றது. என்னைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

எனக்கு விளங்கவில்லை.

"நான் செத்துட்டன்னு யாரு சொன்னா? அதுக்குள்ள எல்லாம் பண்ணிட்டாங்களா?"

அப்பா குரல் கேட்டு இந்துஜா ஓடி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். விரிந்த தலை. வெறும் நெற்றி. அவளையும் பார்த்தார்.

"பாப்பா, நீயுமா? அழுவாதடா. நல்லாப் பாரு, அப்பா இருக்கன். அஞ்சல, நான் இருக்கன்டி."

கடலில் அழாத மனிதர். துறைமுகத்தில் அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். உயிரோடு இருப்பதை என்னிடம் கெஞ்சிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வசுமதி சொன்னாள் என்று தாலியை ரவிக்கைக்குள் போட்டிருந்தேன். வெளியே இழுத்தேன். போனுக்கு நேரே பிடித்தேன்.

"கழட்டலய்யா. இங்க பாரு. கழட்டல."

இந்துஜா என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு உடைந்து அழுதாள். அவளும் எங்கள் குப்பத்துப் பிள்ளைதான். அவர் எதைப் பார்த்தார் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புகைப்படக்காரன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தான். மணல் நிறச் சட்டை.

"அப்படியே இருங்கம்மா. ரொம்ப இயல்பா இருக்கு."

இந்துஜா தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் நீட்டி கேமராவை மறைத்தாள்.

"எடுக்காதீங்க."

அன்று முழுக்க அவள் சொன்னதில் எனக்குப் பிடித்த வார்த்தை அது ஒன்றுதான்.