அடுக்களைச் சரிவு

"முப்பத்தஞ்சு லட்சம். அதுக்கு மேல ஒரு சல்லி கெடையாது" என்று சுந்தரராஜ் அண்ணாச்சி ஃபிராங்க்ளினின் காதுக்குள் வீட்டுக்கு விலை சொன்னபோது, அவன் தங்கை ஸ்டெபி அப்பாவின் சவப்பெட்டி வைத்த பெஞ்சுக்கு அடியில் அட்டை மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள். கூடத்துத் தரை அடுக்களையை ஒட்டிய ஓரத்தில் மட்டும் சரிவு.

துறைமுகத்துக் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி ஏற்றிப் பேரம் பேசியே வாழ்ந்த அப்பா ரோச், விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். துக்க வீட்டில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விலை கேட்பது அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. ரோச்சே அப்படிச் சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கி வாங்கியவர்தான்.

"தெருவே மண்ணுக்குள்ள போகுதுன்னு சொல்லுதாங்க. மதினிய ஒன்கூட மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிரு தம்பி."

ஃபிராங்க்ளின் தலையாட்டினான். அம்மா இசபெல்லாவின் கையில் செபமாலை நின்றுவிட்டது.

ஸ்டெபி எழுந்தாள். செயற்கைக்கோள் ரேடார் படங்களை வைத்து நிலம் எங்கே எவ்வளவு அமுங்குகிறது என்று கணக்கெடுப்பது அவள் பிழைப்பு. கைபேசியை நீட்டினாள்.

"தெரு பூரா இல்ல அண்ணாச்சி. கூடத்துக்கு அடியில கெட்டி மணல், அசையல. அடுக்களை இருக்கது மண்ணடிச்சுத் தூத்த பழைய ஓடை மேல. அந்தச் சேறுதான் அமுங்குது."

"வானத்துலேர்ந்து சேறு தெரியுமாக்கும்?"

"சேறு தெரியாது. தரை எறங்குறது தெரியும். தண்ணி பிழிஞ்சு வெளியேற வெளியேற வேகம் கொறையும். முன்னால வருசத்துக்கு ஒம்பது மில்லிமீட்டர். போன வருசம் ரெண்டு."

"அப்ப துளை போட்டு மண்ணப் பாத்துட்டு வெல பேசுவமா?" என்றான் ஃபிராங்க்ளின்.

"எழவு வீட்ல என்ன தம்பி யாவாரம்?" என்று அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆள் நகர்ந்ததும் இசபெல்லா மெல்லக் கேட்டாள்: "ஏளா, அப்பாட்ட இதச் சொன்னியா?"

"போன மாசம் சொன்னேம்மா. 'ரெண்டெல்லாம் கட்டாது, ஒண்ணுல முடிக்கச் சொல்லு'ன்னாரு."

செத்த வீடு என்றும் பாராமல் இசபெல்லா சிரித்துவிட்டாள். பிறகுதான் அழுதாள். மாதா கோவில் மணி அடித்தது, பெட்டியைத் தூக்கினார்கள்.

மறுநாள் காலை, பெஞ்சுக்கு வைத்த அட்டையை எடுத்து அம்மா கேஸ் அடுப்பின் காலுக்கு அடியில் செருகி, பால் சட்டியை ஏற்றினாள். பக்கத்தில் நின்ற ஸ்டெபியின் கைபேசிக்கு இந்த வருசக் கணக்கு வந்திருந்தது.

கூடம், பூஜ்யம். அடுக்களை, ஒன்றரை.

அப்பா கேட்டதில் அரை மில்லிமீட்டர் பாக்கி.