ஆறாவது டப்பா

1

இந்தக் கதை எனக்கு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கிடைத்தது. கிடைத்தது என்று எழுதினால் ஏதோ தானாக வந்து கையில் விழுந்த மாதிரி இருக்கிறது. எடுத்தேன். சொல்லாமல் எடுத்தேன். எடுத்துக்கொண்டு போய் [இங்கே நிறுத்துகிறேன். கொஞ்சம் தைரியம் வரட்டும்.]

‘நான்’ என்று எழுதினால் கை ஓட மாட்டேன் என்கிறது. அதனால் கதைக்காரர் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தப்பு எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிடலாம். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி, எழுதி முடிக்காத கதைகள் பதினொன்று. மனைவி ஒருத்திதான்.

2

கதைக்காரர் மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தார்.

‘விடுமுறைக் காலம் வந்துவிட்டால் அந்த வீடு முழுக்க பெப்பர்மின்ட் வாசனை’ (போதும். மூக்கை வைத்துத் தொடங்கிய கதைகள் ஊரில் ஏராளம்.)

‘அவள் உருக்கியது சாக்லேட்டை மட்டுமல்ல’ (சீ.)

மூன்றாவதில் மனைவி செய்வதைக் கண்ணில் கண்டபடியே எழுதினார். அது இப்படிப் போகிறது:

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வருடக் கடைசி விடுமுறைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, டப்பாவுக்கு ஒரு ஈடாகக் கறுப்புச் சாக்லேட்டை உருக்குவாள். சொட்டுக்குழாயில் பெப்பர்மின்ட் எண்ணெய் எடுத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே விடுவாள். தட்டில் ஊற்றிப் பரப்பி, அது இறுகினதும் மேலே வெள்ளைச் சாக்லேட்டை ஒரு பூச்சு பூசுவாள். சிவப்பு வரி போட்ட பெப்பர்மின்ட் மிட்டாயைத் துணிப்பையில் கட்டி, சப்பாத்திக் கட்டையால் நாலு போடு போட்டு, அந்தத் தூளை ஈரம் காய்வதற்குள் தூவுவாள். எல்லாம் இறுகினபின் கையால் உடைத்து ஆறு டப்பாவில் அடைப்பாள். டப்பாவுக்கு டப்பா சீட்டு ஒட்டுவாள்: யாருக்கு, என்ன தேதி. பரிசோதனைக் கூடத்தில் பழகின கை. வீட்டில் ஊறுகாய் பாட்டிலுக்கும் தேதி உண்டு.*

* அவளுடைய செல்போனில் என் எண் ‘வீட்டில் இருப்பவர்’ என்று பதிவாகியிருக்கிறது. குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஐந்து டப்பாக்கள் இரண்டு நாளில் வீட்டை விட்டுப் போய்விடும். ஆறாவது மட்டும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கும். அதன் சீட்டில் ‘நெட்டைக்கு’ என்று எழுதியிருக்கும்.

3

நெட்டை அவளுடைய தம்பி. நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அவர்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்தாறு நாளும் அவள்தான் பக்கத்தில் இருந்தாள். தம்பி காரியமெல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் பெட்டியோடு வந்து நின்றான். வீட்டு முன்னறையில் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, “வாங்க, விருந்தாளி வந்துட்டாரு, யாராவது காப்பி குடுங்க” என்றாள். அவன் உட்காரவில்லை. பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவன்தான்.

[அவன் ஏன் தாமதமாக வந்தான் என்று கதைக்காரர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். அதைக் கிழித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவளும் அன்று கேட்கவில்லை.]

அந்த வருடக் கடைசியில்தான் ஆறாவது டப்பா முதன்முதலாக வந்தது. விடுமுறை முடிவதற்குள் டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அனுப்ப மனம் வராமல், தூக்கிப் போடவும் மனம் வராமல், தனியாக அழுதுகொண்டே தின்று தீர்க்கிறாள் என்று கதைக்காரர் தீர்மானித்துவிட்டார். நாலு வருடம் பார்த்தார். நல்ல கதை, முடிவுதான் இல்லை என்று புலம்பினார். இந்த வருடம் பொறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குப் போனதும் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை கூரியர் கடைக்குப் போனார்.

“உள்ள என்ன சார்?”

“சாக்லேட்டும்மா.”

“அனுப்புறவங்க பேரு?”

கதைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அக்கா’ என்று எழுதினார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதை அவர் எழுத்தின் சந்தோஷம் என்று நினைத்தார்.

(திருத்தம்: நினைத்தேன்.)

4

செவ்வாய் சாயங்காலம். அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து குனிந்தபடியே கேட்டாள்.

“அந்த டப்பா எங்க?”

“எந்த டப்பா?”

“நெட்டை டப்பா. தின்னுட்டீங்களா? போன வாரம் உங்க சுகர் இருநூத்தி நாப்பது. என் கையாலதான் பாத்தேன்.”

“நான் ஏன் திங்கறேன்? அனுப்பிட்டேன்.”

“யாருக்கு?”

“பேரு போட்டிருந்துச்சே, அவனுக்கு.”

ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, அது எனக்குன்னு வெச்சிருந்ததுங்க! அந்தப் பேரப் போட்டா நீங்க தொட மாட்டீங்கன்னு போட்டேன்.”

“அப்ப நாலு வருஷமா...”

“நாலு வருஷமா நான்தான் தின்னேன். வேலை முடிஞ்சு வந்து ஒரு நாளைக்கு ரெண்டு. நீங்க என்ன நெனச்சீங்க?”

கதைக்காரர் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார். கதையின் அடிக்கல்லே ஆட்டம் கண்டுவிட்டது. ஆனாலும் ஆள் லேசில் விடுகிறவர் இல்லை.

“உன் லேபுக்குன்னு எழுதியிருக்கலாமே. பக்கத்து வீட்டுக்குன்னு எழுதியிருக்கலாமே. அந்தப் பேருதான் கெடச்சுதா?”

“வேற எந்தப் பேரப் போட்டிருந்தாலும் தின்னுருப்பீங்க.”

“மத்த டப்பாவுல ஆறு சொட்டு, அதுல மட்டும் பத்து சொட்டு விட்டியே?”

“எனக்கு அப்படித்தான் புடிக்கும்.”

பத்து சொட்டு போட்டால் தொண்டை வரை எரியும். அவளுக்கு அப்படித்தான் பிடிக்குமா? பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. தம்பிக்கு அப்படிப் பிடிக்கும் என்று ஒருமுறை சொன்ன ஞாபகம். அதை அவள் சொன்னாளா, நான் இந்தக் கதைக்காக எழுதிச் சேர்த்தேனா என்பதுதான் குழப்பம். பழைய பிரதியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

“அனுப்புறவர் பேரு என்ன போட்டீங்க?” என்று அவள் கேட்டாள்.

சொன்னேன்.

“அப்ப என் பேர்ல மன்னிப்புக் கேட்டுட்டு வந்து நிக்கிறீங்க.”

“மன்னிப்புன்னு எதுவும் எழுதலையே.”

“அனுப்புனதே அதுதான? அவன் தூக்கிக் குப்பையில போட்டா, போட்டது என் மூஞ்சிய. சந்தோஷமா வாங்கிக்கிட்டா, நான் சொல்லாத ஒண்ண வாங்கிக்கிட்டான். ரெண்டுல எது நடந்தாலும் நான்தான அவமானப்படணும்? உங்களுக்கு என்ன, ஒரு கதை.”

இதற்குப் பதில் எழுத நாலு தடவை முயன்றேன். நாலும் வசனமாகத்தான் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

5

கதைக்காரரை இந்தப் பகுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர் பேரைச் சொல்லி ஒளிந்துகொள்வதில் அர்த்தமில்லை.

முடிவுகள் சில யோசித்து வைத்திருந்தேன்.

அ) ‘பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்’ என்ற முத்திரையோடு டப்பா திரும்பி வருகிறது. கூரியர்காரர் மணி அடிக்கும்போது அவள் வீட்டில் இல்லை. நான் அதை ஒளித்து (இல்லை, இன்னொரு தடவை முடியாது.)

ஆ) தம்பியே வந்து நிற்கிறான். அவள் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். (அதே நாற்காலி. பத்திரிகைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள். அதனாலேயே பயமாக இருக்கிறது.)

இ) ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே. நடக்கக்கூடியது இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு அரை நாள் விடுப்பு. தனக்கென்று கொஞ்சமாவது செய்துகொள்கிறேன் என்று மறுபடி சாக்லேட் உருக்கினாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னிடம் உப்பு, கரண்டி, கதவு என்று ஒற்றைச் சொல்லாகத்தான் பேச்சு. நான் சமையலறை மேஜையில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று முடிவுகளையும் படித்துக் காட்டலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் செல்போன் அடித்தது. அது என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. திரையில் ‘எடுக்காதே’ என்று வந்தது.

“யாரோ ‘எடுக்காதே’ன்னு...”

அவள் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. நான்கு வருடம் முன்னால் தம்பியின் எண்ணுக்கு அவளே போட்டு வைத்த பெயர்.

நாலாவது மணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்தாள்.

“கிண்டிக்கிட்டே இருங்க. ஒரு சொட்டு தண்ணி விழுந்தாலும் கட்டி தட்டிரும்.”

படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் கிண்டினேன். முதலில் சத்தமே இல்லை. பிறகு “ம்” என்றாள். பிறகு நீளமாக எதுவுமில்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது, விட்டு விட்டு, மூச்சு முட்டுகிற மாதிரி. சிரிப்பா, அழுகையா? அடுப்பை அணைத்துவிட்டு எட்டு அடி வைத்தால் கதவு. நாலு வருடமாக நான் தேடின முடிவு அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. போகவில்லை. போக அவ்வளவு ஆசையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபது நிமிடம் கழித்து வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. உதட்டைப் பார்த்தேன், அதிலிருந்தும் ஒன்றும் புரியவில்லை. என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

“இதையும் எழுதப் போறீங்களா?”

“எழுதட்டுமா?”

“நான் உள்ள போனது வரைக்கும் எழுதிக்கோங்க.”

“அவன் என்ன சொன்னான்?”

அவள் சொட்டுக்குழாயை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அது எனக்குச் சொன்னது.”

6

இந்தப் பகுதி அவளுடையது. காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அவளிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.