நொதி தைத்த படலம்

1

நேரில் நன்றி சொல்லத் தெரியாததால் எழுதத் தொடங்கிய கதை இது. என் அக்காவின் கைக்காகப் பாடுபட்ட ஒரு வேதியியலாளரிடம் மருத்துவமனை வாசலில் "தேங்க்ஸ்" என்றேன். அவர் "எதுக்கு?" என்றார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "ஒளி பட்டதும் திரவம் திடமாயிற்று, முதற்காதலைப் போல—"

(அடித்துவிட்டேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அக்கா, "காதல் எங்கடி வந்துச்சு? அந்த ரூம்ல வெக்கையும் நாத்தமும்தான்" என்றாள்.)

இரண்டாம் தொடக்கம்: "மேல்பூச்சுத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியில்—"

(இதற்கு அவள் கொட்டாவி விட்டாள்.)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2

அக்கா பதினெட்டு வருடமாக ஓர் அச்சகத்தில் மேல்பூச்சு இயந்திரம் ஓட்டியவள். அட்டையின் மேல் பிசினை மெல்லிசாகப் பூசி, ஊதா விளக்கின் கீழே அனுப்புவாள். கண் சிமிட்டும் நேரத்தில் ஈரம் இறுகிப் பளபளப்பான படலமாகிவிடும்.

[படலம் என்றால் மெல்லிய ஏடு. பழைய காப்பியங்களில் கதையின் ஒரு பகுதிக்கும் அதே பெயர். தமிழ் எனக்குச் சும்மா கொடுத்த சிலேடை இது, கை நீட்டி வாங்கிக்கொள்கிறேன்.]

இறுகிய பிறகு அந்தப் படலத்தை யாரும் தொடலாம். இறுகும் முன் பிசின் தோலில் படக் கூடாது. அக்கா கையுறை போட்டுக்கொள்ளாத நாளில்லை. ஆனால் மெல்லிய கையுறை வழியே அது கொஞ்சம் கொஞ்சமாக ஊறி உள்ளே வந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடம் முன்பு விரல்களெல்லாம் கொப்பளித்து வெடித்தன. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

தோல் மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க உடம்பு இந்தப் பிசினை எதிரியா எழுதி வச்சுக்கிச்சும்மா. இனிமே ஒரு துளி பட்டாலும் சண்டைக்கு வரும்."

அச்சகத்தில் அவளைக் கட்டுக்கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். கை ஆறியது. மனசு ஆறவில்லை. "கட்டுறதும் வேலைதான். ஆனா அது என் மெஷின்டி" என்றாள் ஒருநாள்.

3

இனி வேதியியலாளர். அச்சகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'அறுபது'. தன் குடுவையை அறுபது டிகிரிக்கு மேல் சூடாக்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்.

அவர் செய்வதும் ஒரு பிசின்தான். சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுத்த அமிலத்தையும் செடியிலிருந்து எடுத்த ஒருவகை ஆல்கஹாலையும் நீளச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். வழக்கமான வழியில் கடும் சூடு தேவை. அந்தச் சூட்டில், விளக்கு வரும்வரை காத்திருக்க வேண்டிய பிணைப்புகள் பொறுமை இழந்து சட்டிக்குள்ளேயே கட்டிதட்டிப்போகும். ஆகவே அவர் நொதியிடம், அதாவது என்சைமிடம், போனார். நொதி மிதமான சூட்டிலேயே சங்கிலியின் நுனிகளை மட்டும் பிடித்துக் கோக்கும், நடுவிலிருப்பதை நோண்டாது.

[அந்த நொதிக்கு இயற்கையில் கொழுப்பை வெட்டுகிற வேலை. பிறகு எப்படிக் கோக்கிறது என்று கேட்டேன். "தண்ணி இருந்தா வெட்டும். தண்ணிய உறிஞ்சி எடுத்துட்டா தைக்கும். ஆள் ஒண்ணுதான், சூழ்நிலைதான் வேற" என்றார்.]

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு முதலில் சந்தேகம் இருந்தது. இவ்வளவு நல்லவராக ஒருவரை எழுதினால் வாசகர் நம்புவாரா? ஒரு குறை இருக்கட்டும் என்று, "அவர் புகழுக்கு ஆசைப்பட்டு—" என்று ஆரம்பித்தேன். பொய். பேனாவை வைத்துவிட்டேன். அவருடைய உண்மையான குறை வேறு. ஏதாவது தப்பாகப் போனால், வேறெங்கும் பார்க்காமல் தன் வேதியியலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்.

4

அவர் தன் பிசினை ஓட்டிப் பார்க்க அக்காவின் அச்சகத்துக்கு வந்தது தற்செயல். அவருடைய ஆய்வகத்துக்குப் பக்கத்தில் இருந்த அச்சகம் அது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் படலம் மங்கலாக, புள்ளி புள்ளியாக வந்தது. "சங்கிலி சரியா வளரல" என்று சொல்லிவிட்டுப் போவார். மறுபடி வருவார். மறுபடி புள்ளி.

ஒரு மதியம் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். இயந்திர அறைக்குள் போக அவளுக்கு அனுமதியில்லை. அறுபது வெளியே வந்ததும், "இறுகின அட்டை ஒண்ணு தர்றீங்களா, பாக்கலாமா?" என்று கேட்டாள்.

தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள், திருப்பினாள், மறுபடி சாய்த்தாள்.

"இது வேகாததால வர்றது இல்லீங்க. வேகலன்னா மேல பிசுபிசுக்கும், விரல் வச்சா தடம் விழும். இது நல்லாவே இறுகியிருக்கு. உள்ள ஏதோ தூள் கிடக்கு."

"தூளா? வடிகட்டித்தானே கொண்டுவர்றேன்."

"வடிகட்டியிலயும் நிக்காத தூளுன்னா, எங்கயோ எதுவோ அரைபடுது. எதை வச்சுக் கலக்குறீங்க?"

அறுபது கையால் காற்றில் கலக்கிக் காட்ட ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். நொதியைக் கடுகளவு மணிகளில் ஒட்டவைத்துத்தான் குடுவையில் போடுவார். வேலை முடிந்ததும் மணிகளை வடித்தெடுத்து மறுபடி பயன்படுத்துவார். கலக்குகிற தகடு ஒவ்வொரு சுற்றிலும் அந்த மணிகளை நசுக்கிக்கொண்டிருந்தது.

காகிதக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தார். "எட்டு மாசம்" என்றார். "எட்டு மாசமா அந்த நொதியத் திட்டிட்டு இருந்திருக்கேன்."

"திட்டினா திட்டினீங்க, விடுங்க. அதுக்குக் காது கேக்காது" என்றாள் அக்கா.

இருவரும் சிரித்ததாக அச்சகத்தில் சொல்கிறார்கள். நான் அங்கே இல்லை. சிரிப்பைக் கேள்விப்பட்டபடிதான் எழுதியிருக்கிறேன்.

5

தகட்டை எடுத்துவிட்டு, சாய்ந்தபடி தானே உருளும் குடுவைக்கு மாறினார். மூன்று வாரத்தில் ஜன்னல் கண்ணாடிபோல் தெளிந்த படலம் வந்தது. ஆனால் பழைய பிசினைவிட மெதுவாகத்தான் இறுகியது. அட்டைகளை விளக்கின் கீழே நகர்த்தும் பட்டையின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது. முதலாளி முகம் சுளித்தார். "சின்ன ஆர்டருக்கு மட்டும் ஓட்டிப் பாருங்க சார். நிதானமா ஓட்ட ஆள் நான் இருக்கேன்" என்று அக்கா முதலாளியிடம் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், தன்னால் அந்த அறைக்குள் போகவே முடியாது என்பது அவளுக்கு உறைத்திருக்கிறது.

அறுபதும் அதைக் கவனித்திருந்தார். மறுநாளே தோல் மருத்துவரிடம் பேசினார். புதிய பிசின் அக்கா உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க, துளியளவு எடுத்து முதுகில் ஒட்டிவைப்பதாக முடிவாயிற்று. இரண்டு நாள் கழித்து ஒட்டியதைப் பிரித்துப் பார்ப்பார்கள். மேலும் இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை பார்த்துத்தான் தீர்ப்பு. அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது. ஒட்டிய அன்றைக்கு அறுபது ஆய்வகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு எங்களோடு வந்து பெஞ்சில் காத்திருந்தார். கூப்பிட்டது யாருமில்லை.

6

முதல் பார்வை முடிந்தது. தோல் சும்மா இருந்தது. "பொறுங்க, சில பேருக்குத் தாமதமா சிவக்கும்" என்றார் மருத்துவர். கடைசிப் பார்வை நாளை. இந்தக் கதையைக் கேட்டிருந்த பத்திரிகைக்காரருக்கு அது இன்றே வேண்டுமாம். ஆகவே இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: தோல் சிவக்கவில்லை. அக்கா தன் இயந்திரத்துக்குத் திரும்புகிறாள். விளக்கு எரிகிறது, கண்கள்—

இரண்டு: சிவந்துவிட்டது. அறுபது அவளைத் தன் ஆய்வகத்துக்கு அழைக்கிறார். படலத்தைப் பார்த்தே நோயறிகிற—

இரண்டையும் வாசித்துக் காட்டினேன். அக்கா முழுசாகக் கேட்டாள்.

"ரெண்டுலயும் என்னை எங்கயாவது கொண்டுபோய் நிறுத்திடுறே. நான் எங்க நிக்கணும்னு நான் இன்னும் யோசிக்கவே இல்ல."

"அப்ப முடிவுக்கு என்ன எழுத?"

"அந்த அறுபதம்மா பெஞ்சுல வந்து உக்காந்திருந்தாங்கல்ல, அதை எழுது. எனக்கு அது போதும்."

எழுதிவிட்டேன், மேலேயே இருக்கிறது. அவர் கேட்ட "எதுக்கு?" என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலும் அவ்வளவுதான்.

7

நாளைய தீர்ப்பை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவளை எங்கே நிறுத்துவதென்று மட்டும் அவளையே கேட்டுவிடுங்கள்.

எனக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது. நாலு நாளாகத் தலைக்கு ஊற்றாமல் அக்காவுக்குத் தலை அரிப்பு தாங்கவில்லை. வாஷ்பேசினுக்கு நேரே நாற்காலி போட்டு, முதுகில் துண்டைச் சுற்றி, குனிய வைத்திருக்கிறேன். அவள் இரண்டு கையாலும் பேசின் விளிம்பைப் பிடித்திருக்கிறாள்.

"அங்க என்ன எழுதிட்டே இருக்கே? தண்ணி ஆறிடப் போவுது, வா."

இதோ, போகிறே—