பத்து பத்தா, ஒன்று நாற்பதா

கடலூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் தங்கம்மாள் பதினாறு வருஷம் நர்சாக இருந்தவள். வெட்டுக்குத்து, லாரி மோதல், பூச்சிமருந்து குடித்தவர்கள் என்று எதையும் கை நடுங்காமல் பார்ப்பாள். அத்தனை வருஷத்தில் டாக்டர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் தடவை பேசியது 2010 ஜூன் மாதம் நடந்த மீட்டிங்கில்.

செப்சிஸ் வந்தவர்களுக்கு, அதாவது எங்கோ ஓரிடத்தில் புகுந்த கிருமியால் உடம்பு மொத்தமும் நிலைகுலைய ஆரம்பித்தவர்களுக்கு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டாக வேண்டும் என்று புதுசாக விதி கொண்டுவந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது? அதுதான் பேச்சு.

"நான் பாத்து, செப்சிஸ்னு கேஸ் ஷீட்டுல எழுதுற நிமிஷத்துலேருந்து" என்றார் தலைமை டாக்டர் திருநாவுக்கரசு.

தங்கம்மாள் பின்வரிசையில் எழுந்து நின்றாள். "நீங்க வர லேட்டானா, சார்? நாங்க வாசல்லியே பிரஷர் பாத்து சீட்டுல டைம் போடுறோமே, அதுலேருந்து எண்ணக் கூடாதா?"

"சிஸ்டர், காய்ச்சல்னு வர்றவங்க எல்லாருக்கும் செப்சிஸா? அத்தன பேருக்கும் பெரிய பெரிய ஊசியா ஏத்திட்டு, நாளைக்குக் கிட்னி போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் எழுதும் நேரமே ஆரம்பம் என்று முடிவானது.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து பத்துக்கு, காத்தவராயனை ஆட்டோவிலிருந்து தூக்கிவந்தார்கள். கடலுக்குப் போகிறவர், நாற்பது வயசு. மூன்று நாளைக்கு முன்னால் வலையிலிருந்து மீன் பிரிக்கும்போது கெளுத்தி முள் பாதத்தில் ஏறியிருக்கிறது. மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் கடலுக்குப் போயிருக்கிறார். இப்போது முழங்கால்வரை வீங்கிக் கறுத்து, கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்துக் கிடந்தது. மூச்சு இரைத்தது. பிரஷர் எண்பதைத் தாண்டவில்லை. "வலைய இழுடா, இழு" என்று யாருமில்லாத பக்கம் பார்த்துக் கத்தினார். மனைவி பொன்னி அவர் மார்பைத் தடவித் தடவி அடக்கப் பார்த்தாள்.

தங்கம்மாளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சீட்டில் நேரம் போட்டு, மூச்சு, நாடி, பிரஷர் எல்லாம் எழுதி, சலைன் ஏற்றினாள். டாக்டர் எழுதாமல் ஊசியைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. அவசரப் பிரிவில் இருந்த ஒரே டாக்டரோ, பஸ் கவிழ்ந்து வந்த பதினோரு பேருக்கு நடுவில் முழங்கைவரை ரத்தத்தோடு நின்றார். திருநாவுக்கரசுக்கு மூன்று தடவை போன் போட்டாள். "வர்றேன் சிஸ்டர், ஓ.பி.ல கூட்டம் ஜாஸ்தி, வர்றேன்."

பகல் ஒன்று நாற்பதுக்கு வந்தார். காலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. செப்சிஸ் என்று எழுதினார். இரண்டேகாலுக்கு ஊசி ஏறியது. நாலு மணி அடிப்பதற்குள் காத்தவராயன் செத்துப்போனார்.

பொன்னி கத்தவில்லை. புருஷனின் கையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் தம்பி அருள்முருகன் வெளியே போனான். திரும்பி வந்தபோது அவன் பின்னால் இருபது பேர் இருந்தார்கள்.

முதல் கல்லில் வாசல் கண்ணாடி முழுசாக இறங்கியது. அப்புறம் எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை. சலைன் மாட்டும் கம்பிகளைப் பிடுங்கிக் கண்ணில் பட்டதையெல்லாம் அடித்தார்கள். மருந்து அலமாரி குப்புற விழுந்தது. பஸ் விபத்தில் வந்தவர்கள், கட்டுப்போட்ட காலோடு கட்டிலுக்கடியில் புகுந்தார்கள். எவனோ வீசிய ஸ்டூல் தங்கம்மாளின் புருவத்தைக் கிழித்தது. ஒரு கண்ணில் ரத்தம் இறங்கிப் பார்வை மறைந்தது.

அருள்முருகன் திருநாவுக்கரசைச் சட்டையைப் பிடித்து அறையிலிருந்து இழுத்துவந்தான். அவர் கேஸ் ஷீட்டைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார். "முப்பத்தஞ்சு நிமிஷத்துல ஊசி போட்டாச்சுய்யா! எழுதியிருக்கு பாரு!"

அருள்முருகன் தங்கம்மாளின் கொண்டையைப் பிடித்து நிமிர்த்தினான். "நீ சொல்லு. நீதான கூடவே இருந்த? எப்ப போட்டீங்க?"

டாக்டர் சொன்னது சரி என்று தலையசைத்திருந்தால் போதும். அவள் மனசில் ஓடியதெல்லாம் அந்த மூன்று போன்தான்.

"பத்து பத்துக்கு வந்தாரு. ரெண்டேகாலுக்குப் போட்டோம்."

அவன் அவளை விட்டுவிட்டுக் கம்பியை ஓங்கினான். திருநாவுக்கரசு தலையைக் காக்க வலது கையைத் தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது அடி விலாவில். மூன்றாவது விழுமுன் தங்கம்மாள் குறுக்கே பாய்ந்தாள். அது அவள் தோளில் விழுந்தது. அந்தத் தள்ளுமுள்ளில் ஸ்ட்ரெச்சர் சரிந்து காத்தவராயனின் உடம்பு தரையில் உருண்டது. ஆட்கள் அதன்மேலேயே கால் வைத்து மிதித்தார்கள்.

"டேய்!" என்று பொன்னி போட்ட சத்தத்தில் எல்லாரும் நின்றார்கள். அவள் தம்பியை மாறி மாறி அறைந்தாள். "உங்க மாமாவ மிதிக்கிறீங்கடா! கண்ணு தெரியல?"

கம்பி கீழே விழுந்தது. போலீஸ் வந்தபோது அவன் மாமனின் முகத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளை விரலால் எடுத்துக்கொண்டிருந்தான்.

தங்கம்மாளுக்கு ஏழு தையல். திருநாவுக்கரசு கையில் பிளேட் வைத்து, சிதம்பரத்தில் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த நேரத்தைப் பயத்தில் உளறிவிட்டேன் என்று எழுதிக் கொடுக்கும்படி நிர்வாகத்தில் அவளைக் கேட்டார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வாரம் கழித்து, தையல் பிரித்த தழும்போடு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள்.

தெற்கு வீதி வீட்டில், கையை மார்போடு கட்டிக்கொண்டு அவர் நாற்காலியில் இருந்தார்.

"எதுக்கு வந்தீங்க? மிச்சமிருக்கிற கையையும் ஒடைக்கவா?"

"நான் சொன்னதாலதான் ஒங்களுக்கு அடி விழுந்துது சார். அதுலேருந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல. ஆனா நான் சொன்னது பொய் இல்ல."

"நான் சொன்னதும் பொய் இல்ல. நான் பாத்தது ஒன்னு நாப்பதுக்கு."

"அவருக்கு நோவு பத்து பத்துக்கே இருந்துதே சார்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்ப விதிய மாத்துனா, அடிக்குப் பயந்து மாத்துனான்னுதான் பேசுவானுங்க."

"ஜூன்ல நான் கேட்டப்ப யாரும் அடிக்கல சார்."

"வெளிய போங்க!" என்று கத்தினார். கத்தியதில் விலா வலித்து முகம் கோணியது. அவள் நகரவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டினாள். குடித்துவிட்டு, "காய்ச்சல்னு வர்ற எல்லாருக்கும்..." என்று ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் வேணாம். மூச்சு இரைப்பு, பிரஷர் கம்மி, நெனவு தப்புன பேச்சு. மூணுல ரெண்டு இருந்தா வாசல்ல நர்ஸ் டைம் போடட்டும். அப்பவே மணி ஓடட்டும். கால் மணி நேரத்துல ஒரு டாக்டர் வந்து பாக்கணும். செப்சிஸ் இல்லன்னு எழுதுனா ஊசி வேணாம். ஆனா யாராவது வந்து எழுதணும் சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க. படிக்கிறேன்."

செப்டம்பரில் அவள் சொன்னபடியே விதி மாறியது. யார் யாரிடம் பேசி மாற்றினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. திருநாவுக்கரசு கடலூருக்குத் திரும்பவேயில்லை. தேவைப்படாத சிலருக்கும் ஊசி ஏறியது, ஒரு பெண்ணுக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து இரண்டு நாள் பயமுறுத்தியது. அவர் பயந்ததும் சும்மா இல்லை என்று தங்கம்மாள் நினைத்துக்கொண்டாள். ஆனால் நாலு மணி நேரம் யாரும் காத்துக் கிடக்கவில்லை.

2012இல் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் அவள் சாட்சி சொன்னாள். அடித்தது அருள்முருகன்தான் என்று கைகாட்டினாள். ஊசி நாலு மணி நேரம் தாமதம் என்பதையும், யாரும் கேட்காமலே சொன்னாள். அவனுக்கு இரண்டு வருஷம் போட்டார்கள்.

கோர்ட் வாசலில் பொன்னி அவளை மறித்தாள். "உம்மையச் சொன்னதுக்கு ஒன்னக் கும்புடுறதா, எந்தம்பிய உள்ள தள்ளுனதுக்கு மண்ண வாரித் தூத்துறதா? எனக்குத் தெரியலியே, நர்சம்மா."

பொன்னி, தம்பியை ஏற்றிக்கொண்டிருந்த போலீஸ் வேன் பக்கம் ஓடினாள். வேன் கிளம்பி வளைவில் திரும்பும்வரை தங்கம்மாள் வெயிலிலேயே நின்றாள். அப்புறம் இரண்டு மணி டியூட்டிக்கு நடந்தாள்.