இளமதிக்குத் தங்கை

பிறந்து இருபத்தெட்டு நாள் ஆகியும் அந்தப் பிள்ளைக்குப் பெயர் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் 'புவனேஸ்வரியின் பெண் குழந்தை' என்றுதான் எழுதியிருந்தது. முப்பதாம் நாள் பெயர் வைப்பதென்று ஊருக்குச் சொல்லி, ஆலங்குடியில் சமையலுக்கு ஆள் பேசி, வாசலில் பந்தக்காலும் ஊன்றியாகிவிட்டது. பெயர் மட்டும் முடிவாகவில்லை. அதுவும் சேவுகனுக்குத்தான் முடிவாகவில்லை. அவருடைய மருமகள் புவனேஸ்வரிக்கு அது ஐந்து வருடத்துக்கு முன்பே முடிந்துபோன காரியம்.

முடித்துவைத்தவரே சேவுகன்தான். மூத்த பேத்திக்குப் பெயர் வைத்த அன்று, இதே வாசலில், முந்நூறு பேர் முன்னால் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார். "மூத்தவ பேரு இளமதி. அடுத்தது பொண்ணாப் பொறந்தா இளவேனில், பையனாப் பொறந்தா இளம்பரிதி. இந்த வீட்டுப் புள்ளைங்க பேரு ஒரே வரிசையில நிக்கும். ஒண்ணக் கூப்பிட்டா இன்னொண்ணும் திரும்பிப் பாக்கணும்."

வரிசை எத்தனை வரைக்கும் போகும், மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டீர்களா என்று பந்தியிலிருந்து யாரோ கேட்க, பந்தலே சிரித்தது. சேவுகனும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அவர் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கியதாக ஊரில் யாரும் பார்த்ததில்லை. வரப்புத் தகராறானாலும் கல்யாணப் பேச்சானாலும் 'சேவுகன் சொல்லிட்டாருல்ல' என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பெயரை எழுபத்தொரு வயது வரைக்கும் கீறல் விழாமல் காத்து வைத்திருந்தார்.

இளமதி போன வருடம் ஐப்பசியில் இறந்துபோனாள். நான்கு வயது. மழைக்காய்ச்சல் என்று தொடங்கி, புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. பதினாறு கழிந்ததும் சேவுகன் அவள் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து, நெல் போட்டுவைக்கும் அறையில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். செருப்பு, சிலேட்டு, பள்ளிக்கூடப் பை எல்லாம் அதோடு போயின. அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று சொன்னார். ஊர், மனிதருக்கு நெஞ்சு கல் என்றது. புவனேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அவள் பேச்சையே விட்டிருந்தாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகுதான் அவளுக்குக் குரல் திரும்பியது. தூளியை ஆட்டிக்கொண்டே இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வாள். இளமதி, இளவேனில். இளமதி, இளவேனில். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. தூளி ஒரு பக்கம் போகும்போது ஒரு பெயர், திரும்பி வரும்போது இன்னொரு பெயர். முன்கட்டுப் பட்டாசாலையில் உட்கார்ந்திருக்கும் சேவுகன், அது காதில் விழும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்திருந்த மகள் திலகவதியைக் கூப்பிட்டு, வேறு பெயர் பார்க்கச் சொல் என்றார். திலகவதி உள்ளே போய்ச் சொன்னாள். சொன்ன வேகத்தில் புவனேஸ்வரியே பிள்ளையோடு வந்து நிலைப்படி ஓரமாக நின்றாள்.

"பேரு நீங்க வச்சது மாமா. மைக்குல சொன்னது. நான் புதுசா ஒண்ணும் கேக்கல."

"அது அப்ப."

"இப்ப மட்டும் என்ன? நாளைக்கிப் பள்ளிக்கூடத்துல யாராச்சும் ஒன் பேருக்குச் சோடியா அக்கா பேரு இருக்கான்னு கேப்பாங்க. இருந்துச்சுன்னு இது சொல்லும். எனக்கு அது போதும். இந்த வீட்டுல வேற எங்கிட்டும் அவ இல்ல."

சேவுகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்த வீட்டுல இன்னமும் நாந்தான் பேரு வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். தூளி மறுபடியும் ஆடத் தொடங்கியது.

அவளிடம் சொல்ல முடியாத ஒன்று அவரிடம் இருந்தது. திலகவதிக்குப் பிறகு சேவுகனுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தன. தமிழரசன், தமிழ்ச்செல்வன். அப்போதும் அவருக்கு இந்த வரிசைப் பைத்தியம் இருந்தது. தமிழரசன் பேர் வைத்த எட்டாம் மாதம் போனான். அடுத்தவன் வயிற்றில் இருக்கும்போதே மனைவி காத்தாயி அவர் காலைப் பிடித்தாள். பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, எடுத்தவளுக்குத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக் குப்பன் என்று கூப்பிடலாம், அப்படிப்பட்ட பிள்ளையைச் சாவு ஏறெடுத்தும் பார்க்காது என்றாள். நம் வீட்டுப் பிள்ளை குப்பையில் கிடக்காது என்றார் சேவுகன். தமிழரசனுக்குத் தம்பி தமிழ்ச்செல்வன்தான் என்றார். தமிழ்ச்செல்வன் தவழத் தொடங்கிய மாதத்தில் போனான்.

அதற்கடுத்தவன் கோபிநாத். இன்றைக்குக் குவைத்தில் இருக்கிறான், புவனேஸ்வரியின் புருஷன். அவன் பிறந்தபோது சேவுகனுக்குப் பெயர் தேடத் தெம்பில்லை. எதையாவது வை என்று காத்தாயியிடம் விட்டுவிட்டார். வரிசையில் சேராத பெயர். அவன் பிழைத்தான்.

ஏன் பிழைத்தான் என்று காத்தாயி முப்பது வருடம் சொல்லவில்லை. இளமதிக்குப் பெயர் வைத்த அன்று, மைக்கில் அவர் வரிசையைச் சொன்னதும் கையிலிருந்த தாம்பாளத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். பந்தி முடிந்து அவர் போய்ப் பார்த்தபோதுதான் சொன்னாள். கோபிநாத்தை மூன்றாம் நாளே, அவர் வயலுக்குப் போயிருந்த நேரம், கொல்லைக் குப்பையில் போட்டு எடுத்தாளாம். பக்கத்துத் தெரு இன்னாசியம்மாள்தான் எடுத்துக் கொடுத்தாளாம். ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினாளாம். 'அவன் ஒங்க புள்ள இல்ல, நான் தவிட்டுக்கு வாங்குனவன். அதான் இருக்கான்' என்றாள். அந்த வருடமே காத்தாயியும் போய்விட்டாள். அவர் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். இளமதியைக் குழிக்குள் இறக்கிய அன்று ஒதுக்கி வைத்ததெல்லாம் திரும்பி வந்தது.

இதை மருமகளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், என் வீம்புக்கு ஒரு மகனைக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஊர் கைகட்டி நிற்கிற மனிதர் ஒரு படி தவிட்டை மிச்சம் பிடித்துப் பிள்ளையைக் கொடுத்தார் என்று அவளும் சொல்வாள், அவள் பிறந்த வீடும் சொல்லும்.

இருபத்தொன்பதாம் நாள் காலை அவரே இன்னாசியம்மாள் வீட்டுக்கு நடந்தார். அந்த வாசலை அவர் மிதித்ததே இல்லை. அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. விஷயத்தைக் கேட்டதும் வாளியைக் கீழே வைத்தாள்.

"முப்பத்தாறு வருசம் கழிச்சு இப்பத்தான் அண்ணனுக்கு வழி தெரிஞ்சிருக்கு" என்றாள். அதில் குத்தல் இருந்தது. அவர் வாங்கிக்கொண்டார். "புவனாகிட்டச் சொல்லியாச்சா?"

சொல்ல வேண்டியதில்லை என்றார்.

"தாய்க்குத் தெரியாம எடுக்கக் கூடாதுண்ணே. அன்னைக்கித் தாய்தான் போட்டா."

நான் பொறுப்பு என்றார். அவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. அவளும் பேசவில்லை.

பதினொரு மணிக்குப் புவனேஸ்வரி தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனாள். திலகவதி அடுப்படியில் வெந்நீரோடு நின்றாள். சேவுகன் தூளியிலிருந்து பிள்ளையை எடுத்தார். அது விழித்திருந்தது, அழவில்லை. ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் ஒரு படி தவிடு. கொல்லைக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு போனார். தென்னைக்கு அப்பால் குப்பைமேடு. சாணி, சாம்பல், தேங்காய் மட்டை, நேற்றைய வாழையிலைகள். அதன் முன்னால் நின்றபோது முதுகு வளைய மறுத்தது. தோள் துண்டை எடுத்து விரித்து, அதன் மேல் பிள்ளையைக் கிடத்தினார்.

வேலிப் பக்கமாக வந்த இன்னாசியம்மாள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "துண்டை எடுங்கண்ணே. துண்டுல கெடந்தா அது குப்பையில கெடந்த புள்ள இல்ல. சேவுகன் வீட்டுப் புள்ள."

துண்டை உருவினார். சருகு பிள்ளையின் முதுகில் பட்டதும் அது உடம்பை நெளித்தது.

"நான் அங்கிட்டுப் போயி, வைக்கப்போரச் சுத்திக்கிட்டு இங்கிட்டு வாரேன். வழியோட போறவ கண்ணுல பட்டு எடுத்த மாதிரி இருக்கணும். நீங்க யாரோ எவரோன்னு நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மெதுவாகத்தான் நடக்க முடியும். வைக்கோல்போர் பெரியது. அவள் அதன் பின்னால் மறைந்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, யாரோ எவரோ என்று, வேறு பக்கம் பார்த்து நின்றார்.

பிள்ளை வீறிட்டது.

ஈரத்தலையோடு, சுற்றிய சேலையோடு புவனேஸ்வரி ஓடி வந்தாள். அவள் கண்டது, குப்பையில் கிடக்கும் தன் மகளையும், நாலடி தள்ளிக் கைகட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பி நிற்கும் மாமனாரையும்தான். அவள் கத்தவில்லை. பிள்ளையை எடுத்து, முதுகில் ஒட்டியிருந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். நெற்றியில் சாம்பல் இருந்தது. அதைத் தன் ஈரமுடியால் துடைத்தாள்.

"என்ன மாமா இது?"

சேவுகன் வாயைத் திறந்தார். எல்லாம் தொண்டைக்கு வந்தது. தமிழரசன் வந்தான், தமிழ்ச்செல்வன் வந்தான், காத்தாயி காலைப் பிடித்தது வந்தது. வெளியே வந்தது வேறு.

"பேரு வைக்கத்தான். குப்பம்மான்னு."

அவள் அவரையே பார்த்தாள். "மூத்தவளப் பெட்டியில வச்சுப் பூட்டுனீங்க. இவளக் குப்பையில கொட்டிட்டீங்க. ஒங்க கௌரவத்துக்கு எம்புள்ளைங்கதானா கெடைச்சுச்சு?"

வைக்கோல்போரைச் சுற்றி வந்த இன்னாசியம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள். புவனேஸ்வரி அவளைக் கடந்து வீட்டுக்குள் போனாள். மத்தியானத்துக்குள் கொடும்பாளூரிலிருந்து அவள் தம்பி கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். போகும்போது அவள் நெல் அறைக்குள் போய், பெட்டிச் சாவியை யாரிடமும் கேட்காமல், பூட்டை அம்மிக் குழவியால் உடைத்தாள். போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அவர் பொறுப்பு என்ற சொல்லை நம்பி வந்த இன்னாசியம்மாள், நான் போய் விவரத்தைச் சொல்கிறேன், தப்பு என்மேலேயே இருக்கட்டும் என்று வாசலில் வந்து நின்றாள். சேவுகன் வேண்டாம் என்றார். என் வீட்டுக் கதையை இன்னொருவர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை என்றார்.

சாயங்காலம் கோபிநாத் குவைத்திலிருந்து கூப்பிட்டான். "குப்பையிலயாப்பா போட்டீங்க? எம்புள்ளையவா?" என்று கேட்டான். நீயும் அங்கே கிடந்தவன்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்தச் சொல்லின் பின்னால் அவன் அண்ணன்கள் இரண்டு பேரும் வரிசையாக வருவார்கள். சேவுகன் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் அவரைக் கூப்பிடவில்லை.

முப்பதாம் நாள் சமையல்காரர்கள் வந்து திரும்பிப் போனார்கள். பெயரைக் காதில் சொல்ல அத்தை வேண்டும் என்பதால் திலகவதி மட்டும் கொடும்பாளூருக்குப் பஸ் ஏறினாள். சேவுகன் வெற்றுப் பந்தலில் நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் போனார்கள்.

இருட்டுவதற்கு முன் திலகவதி வந்தாள். காலைக் கழுவிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். என்ன பெயர் என்று அவர் கேட்கும்வரை அவள் சொல்லவில்லை.

"இளவேனில்தான். மூணு தடவ காதுல சொன்னேன். இளமதி தங்கச்சின்னும் சேத்துச் சொல்லச் சொன்னா. அதையும் சொன்னேன். பக்கத்துலயே போட்டோவும் இருந்துச்சு, பூப் போட்டு."

"புள்ள என்ன செஞ்சுச்சு?"

"தூங்கிக்கிட்டு இருந்துச்சுப்பா. இளமதின்னதும் கண்ணு முழிச்சுத் திரும்பிப் பாத்துச்சு."

திலகவதி எழுந்து விளக்குப் போடப் போனாள். கொல்லையில் தவிட்டுப் படி வைத்த இடத்திலேயே இருந்தது. அதை மாட்டுக்கு வைத்துவிடவா என்று உள்ளேயிருந்து கேட்டாள். வைக்காதே, இருக்கட்டும் என்றார். மேற்கே முதல் மின்னல் வெட்டியது. ஐப்பசி பிறக்க இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.