வெயிலில் நடுங்கிய வேன்

சிதம்பரம் வண்டிகேட்டில் வேன் நின்றதும் கயல்விழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கீரப்பாளையத்தில் சாவியைத் திருகியதுமே கிளம்பிய வண்டி. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும், இந்த மாதம் முழுக்கச் செய்வதுபோல, கரும்புகை கக்கி, இருமி, அணைந்துவிட்டது. உள்ளே கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஏழு பெண்கள். அவர்களைக் காலை ஷிப்டுக்கு ஏற்றிப் போவதுதான் அவள் பிழைப்பு.

பழைய வேன் அது. அவள் புருஷனின் அண்ணன் தங்கராசு பெயரில் இருக்கிறது. ஓட்டுவது, துடைப்பது, பஞ்சர் பார்ப்பது எல்லாம் இவள். "ஓடுற வரைக்கும் ஓட்டிக்க. இன்னொருவாட்டி கட்டி இழுத்துட்டு வர்ற மாதிரி ஆச்சுன்னா வித்துடுவேன்" என்று போன வாரம்தான் குடும்பத்தார் முன்னால் சொல்லியிருந்தார். மெக்கானிக்கோ, வண்டியோட கம்ப்யூட்டர் போயிடுச்சு, எல்லாத்தையும் பிடுங்கிட்டு பழைய காலத்து கார்புரேட்டர் மாட்டிக்கலாம் என்றான். புரியாததற்கெல்லாம் கம்ப்யூட்டர் மேல் பழி போடுவது அவனுக்குச் சௌகரியம்.

"பஸ்ஸு வருது, நீங்கள்லாம் போயிடுங்க" என்றாள் கயல்விழி. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. இந்த வேன் போய்விட்டால் நாளையிலிருந்து தங்கள் பாடு என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

முன் சீட்டில் இருந்த சாய்ரா கேட்டாள். "ஏம்பா, காலைல ஜில்லுன்னு இருக்கறப்ப ஒழுங்காத்தானே வருது?"

"சூடானாதான் வம்பு. பெட்ரோல் நாத்தம் கொடலப் புடுங்குது."

"எங்க கம்பெனி ஓவன்லயும் இப்படித்தான் ஆச்சு. சென்சார் வயர் சரியா ஒட்டல. உள்ள கொதிக்குது, மீட்டர் ஜில்லுன்னு காட்டுது. அத நம்பி அது இன்னும் ஜாஸ்தியா சூடேத்தி, சரக்கெல்லாம் கருகிப் போச்சு."

கயல்விழி அவளையே பார்த்தாள். இந்த வண்டியில் பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். காற்று எவ்வளவு வருகிறது, கால் எவ்வளவு மிதிக்கிறது, எஞ்சின் எவ்வளவு சூடு என்று ஆளுக்கொரு சென்சார் வயர் வழியே சொல்லும். அதைக் கேட்டுக் கம்ப்யூட்டர், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கண்ணிமைக்கும் நேரம் திறந்து மூடும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதல், சூடான எஞ்சினுக்குக் குறைவு. கம்ப்யூட்டருக்குக் கண்ணா இருக்கிறது? வயர் சொன்னதுதான் அதற்கு வேதவாக்கு. சித்திரை வெயிலில் இந்தப் பைத்தியம் குளிரில் நடுங்குவதாக நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கிறது.

சாய்ராவை எழுப்பிவிட்டு, எஞ்சினுக்கு மேலிருந்த முன் சீட்டைத் தூக்கினாள். எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சாரின் சொருகலைக் கழற்றியபோது உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு. பக்கத்திலேயே காய்ந்துபோன சந்தனப் பொட்டு. ஆயுத பூஜைக்குத் தங்கராசு சீட்டைத் தூக்கிப் பம்பு வைத்துத் தண்ணீர் அடித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பக்திக்குக் குறைவில்லாத மனுஷன், ஒரு வயர் விடாமல் குளிப்பாட்டியிருந்தார். சாய்ரா முக்காட்டிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தாள். கயல்விழி களிம்பைச் சுரண்டி, துடைத்து, அழுத்திச் சொருகினாள்.

அதற்குள் தங்கராசு லோடு ஆட்டோவோடு வந்துவிட்டார். கடைத்தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இறங்கியதும் வேனின் முன்பக்கம் கயிற்றைக் கட்டினார்.

"ஸ்டியரிங்கப் புடிம்மா. இழுத்துடலாம்."

"ஒரே ஒருவாட்டி பாத்துக்கறேன் மாமா."

"பேட்டரி செத்துப் போச்சு. நீ வேற."

அது உண்மைதான், வண்டி நின்றதும் அவள் திருகித் திருகியே அது இறங்கிவிட்டது. இன்னொரு திருகலுக்கு மேல் தாங்காது. உள்ளே தீப்பொறி விடும் பிளக்கெல்லாம் பெட்ரோலில் முழுகிக் கிடந்தது. கயல்விழி ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டாள்.

"மிதிக்காத, இன்னும் ரொம்பிப்புடும்" என்று அதட்டினார் தங்கராசு.

கார்புரேட்டர் வண்டிக்கு அது சரி. இதில் முழுக்க மிதித்தபடி சாவியைத் திருகினால், பெட்ரோல் முழுகிவிட்டதென்று புரிந்துகொண்டு கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிடும். காற்று மட்டும் போய் உள்ளே உலர்த்தும். செல்போன் வீடியோவில் பார்த்தது, செய்து பார்த்ததில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. தப்பாகப் போனால் வேன் போச்சு. காலை எடுக்கவில்லை.

திருகினாள். எஞ்சின் முனகியது, இழுத்தது, அடங்கப் போனது. ஒரு வெடிப்பு. இன்னொன்று. பிறகு பொலபொலவென்று பிடித்துக்கொண்டது. காலைத் தளர்த்தினாள். கரும்புகை ஒரு தடவை குபுக்கென்று வந்து, வெளுத்து, நின்றுவிட்டது. எஞ்சின் சீராக ஓடியது.

தங்கராசு கயிறும் கையுமாக நின்றார்.

"அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டு மட்டும் நீங்க வையுங்க மாமா. தண்ணிய நான் பாத்துக்கறேன்" என்றாள் கயல்விழி. "இப்ப கயித்த அவுருங்க. இல்லன்னா உங்க ஆட்டோவத் தள்ளிக்கிட்டே கடலூர் போயிடுவேன்."

அவர் குனிந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அவரே போட்ட முடிச்சு, இறுகிப் போயிருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று அவள் ஹாரனை அடித்தாள்.